களியக்காவிளையிலிருந்து மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மழை விடாததால் பால்வெட்டு நடக்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் போர்டிலிருந்து சபைக் கமிட்டி வரை எல்லாரையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். குன்னத்தூர் மாமிக்கு முட்டுவலி அப்படியே. உன் காலேஜிலிருந்து கனமாக ஒரு கவர் வந்தது. பிரிக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். மேலே டிரான்ஸ்கிரிப்ட் என்று எழுதியிருந்தது. மேல்படிப்புக்காக இருக்கும் என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

நீ மிஷன் ஆஸ்பத்திரி வேலையை விட்டு இங்கிலாந்துக்கு நர்சாகப் போக யோசிக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சில காரியங்களைப் பொதுவாக எழுதுகிறேன். உனக்கு வேண்டாம் என்றால் உன்கூட ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லு.

இங்கிலாந்துக்கு எழுதிப்போடுகிற நர்சுப் பிள்ளைகள் ஏமாறுவது தேதியில்தான். இந்த மாதம் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும் என்று ஏஜென்ட் வெப்ராளப்படுத்துவான். ஓஇடி என்கிற ஆங்கிலப் பரீட்சை மார்க்குக்கு இரண்டு வருஷம் மதிப்பு உண்டு. வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 350, எழுத்தில் 300 எடுத்துவிட்டால் அது ஒரு மாதத்தில் கெட்டுப்போகாது. சிபிடி என்கிற கம்ப்யூட்டர் பரீட்சை எழுதி ஜெயித்த பிறகும் நின்று யோசிக்கலாம். ஓஸ்கி என்கிற செய்முறைப் பரீட்சையை இங்கிலாந்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தடவைதான், மூன்றிலும் தவறினால் ஆறு மாதம் சும்மா இருக்க வேண்டும். அதனால் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை இல்லை. ஓஸ்கி தவறினால் என்ன, எத்தனையாவது மாதம் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். பதிவுள்ள ஏஜென்ட் நம் நாட்டுச் சட்டப்படி வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். அந்த நாட்டு விதியில் வேலைக்குப் போகிறவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடச் சொல்லு. தேதிக்குப் பயந்து கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லு.

உன் பிரசவ வார்டைப் பற்றி மிஷன் பத்திரிகையில் வந்த பக்கத்தை நம்ம சபை ஐயர் ஆராதனையில் வாசித்தார். பெண்கள் ஐக்கியத்தில் இப்போதும் அதுதான் பேச்சு. அவர்களுக்குத் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய் என்று?

நெகேமியா ஆறாம் அதிகாரம் உனக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே தெரியும். இப்போது மறுபடி வாசி. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டின நெகேமியாவுக்கு எதிரிகளான சன்பல்லாத்தும் கேஷேமும் ஓனோ பள்ளத்தாக்குக்கு வா என்று ஆள் அனுப்பியது வேலை தொடங்கினபோது இல்லை. அலங்கம் கட்டியாகிவிட்டது, வாசல்களுக்குக் கதவு போடுவது மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான் அழைப்பு நாலு தரம் வந்தது. நாலு தரமும் அவர் வர முடியாது என்ற ஒரே பதிலைத்தான் சொன்னார், ஒவ்வொரு தரமும் புதிதாக யோசிக்க உட்காரவில்லை. 52 நாளில் முடிந்த வேலை அது. உன் பிரசவ வார்டிலும் கதவு போடுகிற கட்டம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக, போகிறவர்கள் எல்லாரும் தேமா என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம சபையில் சிலர் அப்படிப் பேசுகிறார்கள், வேதத்தை ஒழுங்காக வாசிக்காததால். 2 தீமோத்தேயு 4:10ஐப் பார். அந்த ஒரே வசனத்தில் மூன்று பேர் பவுலை விட்டுப் போகிறார்கள். தேமா தெசலோனிக்கேக்கு, கிரெஸ்கே கலாத்தியாவுக்கு, தீத்து தல்மாத்தியாவுக்கு. குறை சொல்லப்பட்டது தேமா மட்டும், அவன் உலகத்தின்மேல் ஆசை வைத்துப் போனதற்காக. சம்பளம் இரண்டிடத்திலும் ஒன்றாக இருந்தாலும் போவாயா என்று உன்னையே கேட்டுப் பார். போவேன் என்றால் ஜெபித்துவிட்டுப் போ. வேறு பதில் வந்தால் அதையும் மறைக்காதே. அண்ணன் வீட்டுக் கடனை மட்டும் இதில் இழுக்காதே. அவன் உன்னிடம் கேட்டானா?

இன்னொன்று. களைப்பும் அழைப்பு முடிந்துபோனதும் உள்ளே ஒரேமாதிரிதான் தெரியும். தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்து, காய்ச்சலோடு ஓடுகிறபோது எந்த ஊழியமும் முடிந்துபோனதாகத்தான் படும். அந்த நிலையில் ராஜினாமா எழுதக் கூடாது, லீவு எழுத வேண்டும். சோமர்வெல் டாக்டர் 1922இல் எவரெஸ்டுக்குப் போய்விட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்து, லண்டனில் கிடைத்த பெரிய வேலையை விட்டவர். அவர் மலையை விட்டுவிட்டாரா? 1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய்விட்டு நெய்யூருக்கே திரும்பி வந்தார். நீ ஒரு மாதம் லீவு போட்டு வா. தூங்கு, மரச்சீனியும் மீன்கறியும் தின்னு, பிறகு முடிவெடு. ஓஇடி மார்க் அதுவரை செத்துப்போகாது.

போவதே முடிவு என்றால் வார்டை அப்படியே போட்டுவிட்டுப் போகக் கூடாது மக்களே. பிரசவ ஜன்னி என்கிற வலிப்பு வந்த தாய்க்கு முதல் டோஸ் மக்னீசியம் நீதான் போடுகிறாய் என்று சொன்னாய். 4 கிராம் நரம்பில் மெதுவாக, இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் 5 கிராம், ஒவ்வொரு தரமும் போடும் முன் முழங்காலைத் தட்டி, கால் அசைகிறதா என்று பார்த்து, மூச்சு நிமிஷத்துக்கு 16க்கும் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்கும் குறையவில்லை என்று உறுதி செய்து. மக்னீசியம் அதிகமாகிவிட்டால் அதற்கு மாற்றுமருந்தாக டிரேயில் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம். இதைச் சார்ட்டில் எழுதி ஒட்டினால் போதாது. ஜூனியர் பிள்ளைகளில் இரண்டு பேராவது, நீ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க, ராத்திரியில் தாங்களே செய்ய வேண்டும். தட்டும்போது கால் அசையாவிட்டால் அடுத்த டோஸை நிறுத்துகிற தைரியம் அவர்களுக்கு வர வேண்டும். பயந்த பிள்ளை சார்ட்டில் இருக்கிறதே என்று போட்டுவிடும், அங்கேதான் மூச்சு நிற்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிற ஆக்ஸிடோசின் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று தினமும் ஒருத்தி எழுதட்டும். உங்கள் ஊர் கரண்டுக்கு அது அவசியம். இதற்கு மூன்று மாதமாவது வேண்டும். அதற்குக் குறைந்த நாளில் கிளம்பச் சொல்கிற எந்தத் தேதியையும் ஒத்துக்கொள்ளாதே.

நீ நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பக்கத்து வீட்டுக்காரி தன் மகள் அனுப்பின பணத்தில் மாடி எடுக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் நீ நிற்பது அம்மா சொன்னதற்காக இருக்கக் கூடாது.

உங்கள் மேட்ரனிடம் நீயே முதலில் பேசு, ரெஃபரன்ஸ் கேட்டு மெயில் போய் அவர்கள் தெரிந்துகொள்ள வைக்காதே. அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூப்பிடும்போது போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, நீயே சொல்லிவிடு. சத்தம் போடுவார், வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா