பாலம் கட்டுங்க, படிக்கட்டு மட்டும் வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். வேலூர்ல நேஷனல் ஹைவே 48-ஐ தாண்ட ஜனங்க படற பாட்டை பத்தி அப்பப்ப உங்க பேப்பர்ல கடிதம் வருது, எல்லாரும் நடைமேம்பாலம் கட்டுங்கன்றாங்க, நானும் அதையேதான் கேக்கறேன், ஆனா எந்த மாதிரி பாலம்னு யாரும் பேசறதில்லையே.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல காலைல நின்னு பாருங்க. சென்டர் மீடியன்ல கம்பி வளைஞ்ச சந்துல ஒரு அம்மா மொதல்ல கூடையை அந்தாண்ட வெச்சிட்டு, பொடவைய தூக்கி சொருகிக்கினு, முட்டிய புடிச்சிக்கினே தாண்டுவாங்க, பெங்களூர் பஸ் ஹாரன் அடிச்சிக்கினே பறக்கும். படிக்கட்டு பாலம் கட்டுனாலும் அந்தம்மா ஏறமாட்டாங்க, அதே சந்துலதான் வருவாங்க. ப்ளஸ் ஒன் பசங்களுக்கு கவர்மென்டே சைக்கிள் குடுக்குது, அதை தோள்லயா தூக்கினு ஏறுவாங்க?

அமெரிக்காவுல என் பையன் சன்னிவேல்ல இருக்கான், அங்க போனப்ப 280 ஃப்ரீவே மேல ஒரு பாலம் பார்த்தேன். சன்னிவேலையும் குபர்டினோவையும் சேக்குது, 2009-ல தொறந்தது, நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். டான் பர்னெட்னு குபர்டினோ முன்னாள் மேயர் பேரை வெச்சிருக்காங்க (பேர் வெக்கறதுல அவங்களும் நமக்கு சளைச்சவங்க இல்ல). கீழ காருங்க வெள்ளமா போவுது, மேல ஸ்கூல் பசங்க சைக்கிள விட்டு எறங்காமலே மிதிச்சிட்டு போறாங்க. பாலத்தை தாங்கற அந்த கேபிள் கோபுரமெல்லாம் நமக்கு வேணாங்க, படிக்கட்டுக்கு பதிலா அந்த சரிவு இருந்தா போதும்.

இடம் எங்கன்னு கேப்பாங்க. ஹைவே மேல பாலம்னா லாரி போக 5.5 மீட்டர் ஒசரம் விடணும், வீல்சேர் ஏற 12-க்கு 1 சரிவுன்னா, அதாவது 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறற மாதிரின்னா, 66 மீட்டர் நீளமாவது வரும், சைக்கிள் மிதிச்சு ஏற 20-க்கு 1 வெச்சா 110 மீட்டர். சர்வீஸ் ரோட்டை ஒட்டியே நீட்டலாம், இல்லன்னா மடிச்சு கட்டலாம். லிஃப்ட் வெக்கறோம்னு மட்டும் சொல்லிடாதீங்க, ரிப்பேர் ஆனா பூட்டு போட்டுட்டு போயிடுவாங்க.

மேல கூரை வேணும், மே மாச வேலூர் வெயில்ல மொட்டை பாலத்துல எவன் நடப்பான். ஆனா ரெண்டு பக்கமும் விளம்பர போர்டு வெச்சு அடைச்சிடக்கூடாது, வெளியில இருந்து ஆள் தெரியலன்னா ராத்திரி வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க ஏற பயப்படுவாங்க, நல்லா லைட்டும் போடணும்.

டெண்டர் விடறதுக்கு முன்னாடியே அந்த வரைபடத்தை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல ஒட்டி வைங்க. தினமும் ரோடு தாண்டறவங்க பார்த்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரி வாசகி, வேலூர்