பட்டன் மேலே வருகிற வேகம்

மாப்ள,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. கடையில் வேலை நெருக்கடி, அதனால்தான் பதில் தாமதம். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும் தெருப் பையன்கள் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனித் தேரோட்டத்துக்கு நீ வருவாய் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

சரி, மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ கேமில் பட்டனை வேகமாக அடிக்கவேண்டிய இடம் வந்தால் தோற்றுப்போகிறான், கட்டைவிரல் அடியில் வலிக்கிறது என்கிறான், ஓசூரில் கடைக்காரர் கிளிக் சத்தம் போடுகிற விலை கூடின ஜாய்ஸ்டிக்கைக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். வாங்குவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு. பழுதுக்கு வருகிறவற்றைத் திறந்து திறந்து எனக்கு இதில் ஒரு தீர்மானம் உண்டு. அமுக்குவது நம் வேலை, திரும்பி மேலே வருவது பட்டனின் வேலை. வேகம் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையில்தான். கடையில் எல்லாரும் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது, கட்டியாக இருக்கிறது என்கிறார்கள். விரலை எடுக்கும்போது பட்டன் என்ன செய்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை.

சாதாரண ஜாய்ஸ்டிக்கின் ஸ்க்ரூவைக் கழற்றினால் பட்டன்களுக்கு அடியில் பால் நிறத்தில் ஒரு ரப்பர் பேடு இருக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் அதில் ஒரு சின்ன மேடு, மேட்டின் உள்பக்கத்தில் ஒரு கறுப்புக் கார்பன் பொட்டு. அமுக்கினால் மேடு சட்டென்று மடங்கி, அந்தப் பொட்டு போர்டிலுள்ள இரண்டு கோடுகளை இணைக்கும். விட்டால் ரப்பர் தன் பலத்திலேயே எழும்பவேண்டும், வேறு ஸ்பிரிங் கிடையாது. புதுசில் இது அருமையாக வேலை செய்யும். நாள்பட்டால் மேட்டின் கழுத்து மடிந்து மடிந்து தளர்ந்துவிடும், சிலதில் பொடிக்கீறல்கூட விழுந்திருக்கும். அப்போது மெதுவாக அமுக்கினால் ஒரு குறையும் தெரியாது. வேகமாக அடித்தால் மட்டும் முந்தைய அடியிலிருந்து பட்டன் முழுசாக எழும்புவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். பொட்டு கோட்டை விட்டுப் பிரியவே இல்லை என்றால், நாம் இரண்டு தடவை அடித்ததும் ஆட்டத்துக்கு ஒரே நீண்ட அமுக்கல்தான். பையன் தன் விரல்தான் சரியில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்துவான். வலி அங்கேதான் தொடங்குகிறது.

பட்டன் எழும்பாமல் போவதற்கு ரப்பர் மட்டும் காரணமில்லை. 1983-இல் நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டியை வெளியிட்டபோது அதன் முதல் கன்ட்ரோலர்களில், அதாவது ஜாய்ஸ்டிக்குகளில், ஏ, பி பட்டன்கள் சதுரமாக, ரப்பரில் இருந்தன. மூலை விளிம்பில் சிக்கி உள்ளேயே நின்றுவிடும். அப்புறம் வட்டமான கட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். ஆகவே மருமகனுக்கு ஒன்றைக் கையில் எடுத்தால் பட்டனின் நடுவில் மட்டும் அமுக்காதே, ஓரத்திலும் அமுக்கு. வேகத்தில் விரல் எப்போதும் நடுவிலேயே விழாது. ஓரத்தில் அமுக்கும்போது உரசினால் அது வேண்டாம்.

இனி அந்தக் கிளிக் சமாசாரம். அதற்குள்ளே இருப்பது மவுஸ் பட்டனில் இருக்கிற மாதிரி மைக்ரோ சுவிட்ச். மெல்லிய உலோகத் தகடு ஒரு புள்ளியைத் தாண்டியதும் துள்ளி ஒட்டும், விட்டால் துள்ளிப் பிரியும். இறங்குகிற தூரம் மிகக் குறைவு, திரும்புவதும் தகட்டின் வேகத்தில். நுனிவிரலால் படபடவென்று அடிக்க இது நிச்சயமாக ரப்பரைவிட மேல். ஆனால் அடிமட்டத்தில் மெத்தை என்று ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு அடியும் எலும்பில் போய் நிற்கும். அரைமணி நேரம் ஆடுகிறவனுக்குச் சரி, மாலை முழுதும் ஆடுகிற நம் பையனுக்கு யோசிக்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லிநொடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட மின்சுற்றிலோ நிரலிலோ ஏற்பாடு இருக்கும். சுவிட்ச் தேய்ந்தால் துள்ளல் அந்த ஏற்பாட்டையும் மீறிவிடும், ஒரு அடிக்கு இரண்டு குண்டு போகும். நிறுத்தி நிதானமாக ஆடவேண்டிய இடத்தில் அது பெரிய தொல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீ டிவியில்தான் பார்த்தாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, நம் நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமாகக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வாரக்கணக்கில் என் மேசை முழுக்கச் சேறு படிந்த சாமான்கள்தான். ரப்பர் பேடு வகை ஜாய்ஸ்டிக்குகளை நல்ல தண்ணீரில் அலசி, போர்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நிழலில் காயவைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. மைக்ரோ சுவிட்ச் வகையில் மூடிய டப்பாவுக்குள் துரு ஏறிவிட்டது. ஒவ்வொன்றையும் சால்டரிங் வைத்துப் பெயர்த்து மாற்றவேண்டியதாயிற்று. எது உசத்தி என்று கேட்டால், பழுது பார்க்கிறவனாக நான் ரப்பர் பக்கம்தான். பேடு தளர்ந்தால் புதுசு போடச் செலவு குறைவு, கையும் நோகாது.

அதே டிசம்பர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன், 1989-இல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸை, மேலிருந்து விழுகிற கட்டைகளை அடுக்குகிற ஆட்டத்தை, 157-ஆவது லெவல் வரை கொண்டுபோய் ஆட்டத்தையே உறைந்து நிற்க வைத்தான். அதுவரை மனிதர் யாரும் அங்கே போனதில்லை. மருமகனிடம் இதை விவரமாகச் சொல். அந்த ஆட்டத்தில் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கட்டை கால் நொடி தயங்கி, பிறகு பக்கவாட்டில் நொடிக்கு 10 கட்டம் நகரும். 29-ஆவது லெவலில் ஒரு கட்டை மேலிருந்து கீழே வர நொடியில் மூன்றில் ஒரு பங்குதான். பிடித்திருந்தால் ஓரத்துக்குப் போய்ச் சேராது. அதனால் 29 தான் எல்லை என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு சிலர் கையை நடுங்கவிட்டுக் கட்டைவிரலால் அடித்து அதைத் தாண்டினார்கள். கிப்சன் ஆடியது அதற்கும் அடுத்து வந்த முறை. கட்டைவிரலைப் பட்டன்மேல் சும்மா வைத்திருப்பார்கள், அமுக்குவதில்லை. மற்றக் கையின் விரல்கள் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலர் எழும்பி, பட்டன் போய்க் கட்டைவிரலில் இடிக்கும். கோயில் கொடையில் தவில்காரர் கூடு மாட்டிய விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவாரே, அந்த ஓட்டம்தான் இதுவும். நாலு விரல் பங்கு போட்டுக்கொள்வதால் ஒரு விரல் அடித்துவிட்டு ஓய்வெடுக்க நேரம் இருக்கிறது. நொடிக்கு 20-க்கு மேல் இப்படித்தான் போகிறது. இந்தக் காணொளியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, மாப்ள. முப்பது வருஷத்துக்கும் மேலாக எல்லாரும் பட்டனுக்கு மேலே இருந்தே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஜப்பானில் 1980-களில் ஹட்சன் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் தகாஹாஷி மெய்ஜின் என்பவர் நொடிக்கு 16 அடி அடிப்பதற்காகவே நாடு முழுக்கப் பேர் வாங்கினவர். 10 நொடியில் எத்தனை அடி என்று எண்ணிக் காட்டுகிற ஒரு சின்னக் கருவியையே ஹட்சன் 1987-இல் விற்றது. கொனாமி நிறுவனத்தின் 1983 ஓட்டப்பந்தய ஆட்டத்தில் ஓடுவதற்கான பட்டன்களை இரும்பு ஸ்கேலை வைத்துத் துள்ளவிட்டு அடித்தவர்களும் உண்டு. அதுவும் திரும்பி வருகிற வேகத்தை விரலுக்கு வெளியே தேடினதுதான்.

சமாதானபுரத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு நாம் கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடினோமே, அந்த ஜாய்ஸ்டிக்கில் ஏ, பி-க்கு மேலே டர்போ பட்டன் இரண்டு இருக்கும். அதைப் பிடித்திருந்தால் உள்ளே இருக்கிற சுற்றே விட்டுவிட்டு அமுக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அப்போதைய நம்மூர் டிவி நொடிக்கு 50 படம். ஆட்டம் படத்துக்கு ஒரு தடவைதான் பட்டனைப் பார்க்கும். அமுக்கினது ஒரு படம், விட்டது ஒரு படம், ஆக 25-க்கு மேல் போக வழியே இல்லை. கான்ட்ராவில் திரையில் ஒரே நேரத்தில் இத்தனை குண்டுதான் என்கிற கட்டுப்பாடு வேறு. எம் எழுத்துத் துப்பாக்கி பிடித்திருந்தாலே சுடும். எஸ் துப்பாக்கிக்குத்தான் நீ டர்போவை விடாமல் பிடித்திருப்பாய், நினைவிருக்கிறதா?

காசு போட்டு நின்று ஆடுகிற பெரிய ஆர்கேடு பெட்டிகளின் பட்டன் தனி ரகம். ஜப்பானின் சான்வா 30 மில்லிமீட்டர் பட்டன், விரலை மேலே வைத்தாலே அமுங்குகிற அளவுக்கு லேசு, எழும்புவதும் அதே வேகம். அகலம் இருப்பதால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஒரே பட்டனில் அடிக்கலாம். நடுவில் குழிந்த அமெரிக்க வகை பட்டன் நீளமாக இறங்கும், அடிக்க ருசியாக இருக்கும், வேகத்துக்கு உதவாது.

பின்பக்க ஆர்2, எல்2 விசைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார் ஓட்ட வசதியாக நீளமாக இறங்குகிறவை அவை. வேகமாக அடிக்கவேண்டியதை அங்கே வைத்திருந்தால் செட்டிங்கில் ஆர்1-க்கு மாற்றச் சொல். வயர் இல்லாததால் வேகம் குறையுமோ என்றும் கேட்டிருந்தாய். அடி போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகலாமே தவிர, அடிகளின் எண்ணிக்கை குறையாது. போன் திரையில் ஆடுகிறவர்களுக்குத் திரும்பி வர பட்டனே இல்லை, அதனால் விரல் வேகம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் நம்மூர் வெயிலில் வேர்வை பட்டதும் கண்ணாடியில் விரல் இடம் மாறிவிடும். இங்கே பையன்கள் விரலுக்கு உறை மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஆக, மருமகனுக்கு இப்போதைக்குப் புதுசு வாங்காதே. கையில் இருப்பதை ஓசூரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு, பேடு மாற்றிப் பார்ப்போம். அதிலும் சரிவராவிட்டால் கிளிக் வகையை வாங்கலாம். அதுவரை ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக் கட்டைவிரலுக்குப் பதில் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அடித்துப் பழகட்டும். அப்புறம், திரும்பத் திரும்ப அமுக்குவதற்குப் பதில் பிடித்திருந்தால் போதும் என்று மாற்றிக்கொள்ளும் வசதி பல புது ஆட்டங்களில் இருக்கிறது. 2018 ஸ்பைடர்மேனிலும் 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்திலும் உண்டு. அதை ஆன் செய்து விளையாடினால் தோல்வி என்று அவன் நினைக்கவேண்டாம், விரல் வலி உள்ளவர்களுக்காகவே வைத்தது. ஒரு வாரம் பார்த்தும் வலி நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டு. அதில் தள்ளிப்போடாதே.

பேடு இங்கே எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. அடியில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு, மதுரையிலிருந்து வரவழைக்கிறேன். தேரோட்டத்துக்கு வரும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம். ரயில் டிக்கெட் போட்டதும் ஒரு வார்த்தை சொல், ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறேன். தங்கச்சியையும் மருமகனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உன் மாப்ள