கிராணிக்கு, பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து

ஞாயிறு மதியம்

அன்புள்ள கிராணி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய கிராணி வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் உன் கையெழுத்து இன்னும் செக்ரோலில், அந்த ஆள் கணக்குப் புத்தகத்தில், பெயர் பதிகிற மாதிரியே கோட்டில் நிற்கிறது. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிறது. உறையில் நீ பழைய பெயரையே எழுதுகிறாய், தபால்காரரும் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். பிறகு நான் மட்டும் எதற்கு மாற வேண்டும்?

வீட்டில் எல்லாரும் நலம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பேரன் படிவம் ஒன்றுக்குப் போகிறான், இப்போதே என்னைவிட உயரம்.

உன் கேள்விக்கு வருகிறேன். "கிள்ளான் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் 5ஜி என்கிறார்கள், செம்பனைப் பழம் ஏற்றுகிற உன் இரண்டு லாரிக்கும் அதனால் ஏதாவது ஆகியிருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். ஆகியிருக்கிறது. ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை.

முதலில் ஒரு விஷயம். 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் 5ஜி தொடங்கினார்கள். 2023 முடிவதற்குள் மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. 'மக்கள் வாழும்' என்கிற சொல்லைக் கவனித்தாயா? செம்பனை காய்க்கிற இடத்தில் எந்த மக்கள் வாழ்கிறார்கள்? நாம் பிறந்த லயத்து வீடுகளை இடித்துத் தள்ளி அங்கேயும் கன்று நட்டுவிட்டார்கள். ஊருக்குள் தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் பேரனின் கைப்பேசி பறக்கிறது. தோட்டத்துக்குள் இரண்டு மைல் போனால் 4ஜியே திக்கித் திணறுகிறது. நிறையச் சுமக்கிற அலை தூரம் போகாதாம். போதாததற்கு மழையில் நனைந்த மட்டைகள் வேறு குறுக்கே நிற்கின்றன.

இருந்தாலும் வேலை நடக்கிறது. வெட்டுகிறவர் குலையைப் பாதையோர மேடையில் அடுக்கியதும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எண்ணிக் கைப்பேசியில் பதிகிறார். நீ அந்தக் காலத்தில் சாயங்காலம் விளக்கு வைத்துக் கூட்டிய கணக்கு அது. லைன் இல்லாவிட்டாலும் கைப்பேசி அதை வைத்திருந்து, லைன் கிடைத்ததும் அனுப்பிவிடும். லைன் கிடைப்பது மாரியம்மன் கோயில் மேட்டில். பதினோரு மணி ஆனால் மண்டோர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், கோயில் வாசலில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். அவர் வங்காளதேசத்துத் தம்பி, முஸ்லிம். பூசாரி ஒரு நாள் அவருக்கும் சுண்டல் கொடுத்துவிட்டார்.

அந்தக் கணக்கு வந்த பிறகுதான் லாரியைக் கிளப்புகிறேன். முன்பெல்லாம் பழம் இருக்கிறதோ இல்லையோ எல்லா மேடையையும் சுற்றி வர வேண்டும். இப்போது பழம் இருக்கிற மேடைக்கு மட்டும் போகிறோம். டீசல் மிச்சமாவது கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு 5ஜி வேண்டாம், கோயில் மேடு போதும்.

இனி சொல்லப் போவதைத்தான் உன்னிடம் நேரில் சொல்ல நினைத்திருந்தேன்.

வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் ஆவி காண வேண்டும் என்பது உனக்கே தெரியும். தாமதித்தால், அதிலும் அடிபட்ட பழமாக இருந்தால், அமிலம் ஏறும். எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குகிறவர் முகம் மாறிவிடும். போன அக்டோபர், பழம் கொட்டுகிற பருவம். ஆலை வாசலிலிருந்து பெரிய சாலை வரை லாரி வரிசை. எங்கள் லாரி மதியம் மூன்று மணி வாக்கில் சேர்ந்தது. நான் போய்ப் பார்த்தபோது இருட்டிவிட்டது. லாரிக்கு அடியில் சிவப்பாகச் சாறு சொட்டி, மழைத் தண்ணீரில் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. கள் புளித்த மாதிரி ஒரு வாடை. ஓட்டுநர் தம்பி டயர் ஓரமாகக் குந்தி, கீழே விழுந்த உதிரிப் பழத்தை ஒவ்வொன்றாகக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். உதிரியில்தானே எண்ணெய் அதிகம்.

எடை மேடையில் ஏறும்போது மணி 9:40. தரம் பார்க்கிறவர் டார்ச் அடித்துப் பார்த்தார், 'பழைய பழம்' என்று எழுதினார், கழித்தார். எடைச் சீட்டில் எடை போட்ட நேரம் இருக்கும், வாசலுக்கு வந்த நேரம் இருக்காது. நடுவில் போன ஆறு மணி நேரம் யாருடையது என்று முப்பது வருடமாக யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததால் அது என்னுடையதாகவே இருந்தது.

இந்த முறை மறுநாள் காலையிலேயே ஆலை ஆபீசுக்குப் போனேன். லாரியில் மாட்டியிருக்கிற கருவி நிமிடத்துக்கு ஒரு தடவை தான் நிற்கிற இடத்தை அனுப்புகிறது. 3:12-க்கு வாசலில் வந்து நின்ற பச்சைப் புள்ளி இரவு வரை அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்திருக்கிறது. அங்கிருந்த பெண்பிள்ளை அதை இரண்டு தரம் பார்த்தார், உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார், கழித்ததைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். எத்தனை வெள்ளி என்று கேட்காதே, ஒரு டயருக்குக்கூடக் காணாது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. என்னை மாதிரி இன்னும் சிலரும் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. ஆலை இப்போது லாரிக்கு நேரம் குறித்துக் கைப்பேசியில் அனுப்புகிறது. அந்த நேரத்துக்குப் போனால் போதும். வாசல் காலியாக, சுத்தமாக இருக்கிறது. ஓட்டுநரும் ரோட்டோரத்தில் கிடக்காமல் வீட்டில் படுக்கிறான், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழம் எங்கே? 14-ஆம் பிளாக் மேடையில், மட்டை நிழலில் கிடக்கிறது. பழத்தை வேக வைக்கிற கலன் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும், எத்தனை 'ஜி' வந்தாலும் எடுக்கும். கலனைக் கூட்டவில்லை, வரிசையைத் தோட்டத்துக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கே கிடக்கிற பழத்தில் கருவி எதுவும் மாட்டவில்லை. ஆகவே அந்த நேரம் இப்போது தோட்டக்காரருடையது.

இன்னொன்று, உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் அதே பச்சைப் புள்ளி ஈஜோக்கில் நாற்பது நிமிடம் நின்றது. "ஏன் நின்றாய்?" என்று ஓட்டுநருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. மாலையில் வந்து சொன்னான்: அம்மா தனியாக இருக்கிறார், சோறு வாங்கிக் கொடுத்து, சாப்பிட்டு முடிகிறவரை கூட இருந்தானாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நம் காலத்தில் வேலை வாங்கிய தண்டல்கூட மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார், அந்த ஒரு மணி நேரம் நமக்கு இருந்தது.

துறைமுகம் பற்றி நீ எழுதியதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டினேன். 2023-இல் 20 அடிக் கொள்கலன் கணக்கில் ஒரு கோடியே 40 லட்சம் பெட்டிகள் ஏறி இறங்கிய இடம். அங்கே இந்த வேகத்துக்கு வேலை இருப்பது எனக்குப் புரிகிறது. கூண்டில் ஏறாமல் அறையில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குப் படம் அரை நொடி பிந்தினால் பெட்டி எங்கே போய் இறங்கும்? சிங்கப்பூர் துவாஸில், 2022-இல் திறப்பு விழா நடத்திய அந்தப் புதிய துறைமுகத்தில், பெட்டி சுமக்கிற வண்டிகள் ஆளில்லாமல் ஓடுகின்றன. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 லட்சம் கருவிகள் வரை தாங்க வேண்டும் என்றுதான் 5ஜிக்குக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பெட்டிகள் நெருங்கிக் கிடக்கிற உன் ஊருக்குப் பொருந்தும். எனக்குச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு மண்டோர்.

ஐரோப்பியச் சட்டம் பற்றியும் கேட்டிருந்தாய். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்ததை வாங்க மாட்டார்கள். எந்த நிலத்துப் பழம் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். அமலாக்கத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார்கள், ஆனால் கேள்விகள் இப்போதே வருகின்றன. பக்கத்து மலாய்க் கிராமத்துப் பெரியவர் ஒருவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம், அவருக்கு ஐந்து ஏக்கர். அவர் பழத்தையும் இன்னும் இரண்டு பேர் பழத்தையும் ஒரே லாரியில்தான் ஏற்றுகிறேன். ஏற்றிய பிறகு எந்தக் குலை யாருடையது என்று அந்த மாரியம்மனுக்கே தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் படம் எடுத்து, இடத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். பாக்சிக் ஒவ்வொரு தடவையும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு குலை பக்கத்தில் வந்து நிற்கிறார். குலையை மட்டும் எடுத்தால் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் கிள்ளானுக்கு வருவேன். தங்கச்சி மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், உன் பங்கை எடுத்து வருகிறேன். உன்னிடம் பழைய செக்ரோல் ஏதாவது கிடந்தால் எடுத்து வை. அப்பாவின் பெயரை உன் கையெழுத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

இன்னும் எழுதலாம், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. 14-ஆம் பிளாக்கிலிருந்து கிளம்பிய லாரியின் புள்ளி இருபது நிமிடமாக நகரவில்லை. சேற்றில் இறங்கிவிட்டதா, லைன்தான் போய்விட்டதா, இங்கிருந்து சொல்ல முடியாது. கயிற்றையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

உன் பழைய
லாரிக்காரன்