இரண்டு அறைக்குக் காசு, கிடைத்தது யன்னல் இல்லாத ஒன்று

கல்லடி,
மட்டக்களப்பு.
2025.08.20

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: ஆகஸ்ட் 9 முதல் 12 வரையான கோலாலம்பூர் சுற்றுலா பற்றிய முறைப்பாடு

ஐயா,

உங்கள் மட்டக்களப்புக் கிளையில் ஆளுக்கு 185,000 ரூபா கட்டி மலேசியா போய்வந்த நான்கு பெண்கள் சார்பில் இதை எழுதுகிறேன். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இரண்டு வருடம் சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அது. திரும்பி வந்த மறுநாளே உங்கள் ஊழியருக்கு வட்ஸ்அப்பில் எல்லாம் எழுதினேன். "நோட் பண்ணியிருக்கம் அக்கா" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அனுப்பியவற்றுக்கு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. ஆகவே கடிதம்.

உங்கள் பயண நிரலில் "இருவருக்கு ஓர் அறை வீதம் இரண்டு அறைகள், போய் இறங்கியதும் அறை" என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் மட்டக்களப்பில் பஸ் ஏறி, நடுச்சாமத்தில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, சனி காலை ஒன்பது மணிக்கு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை என்றார்கள். ஆறு மணித்தியாலம் பெட்டிகளில் தலைசாய்த்தபடி வரவேற்பறையில் கிடந்தோம். மூன்று மணிக்கு ஒரு திறப்பைத் தந்தார்கள். மற்றத் திறப்பு எங்கே என்று கேட்டதற்கு, அங்கிருந்த பிள்ளை கம்பியூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டியது: குடும்ப அறை ஒன்று, ஆட்கள் நால்வர்.

உள்ளே ஒரு பெரிய கட்டில், ஒரு சின்னக் கட்டில், தரையில் ஒரு மெத்தை. சுவரின் பாதியை மூடி நல்ல பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கியது. காற்று வரட்டும் என்று இழுத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர். யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளக்.

அந்த அறையில் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. மலேசிய நேரம் எங்களுடையதை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. கைக்கடிகாரத்தை மாற்றாத ஒருத்தி, இன்னும் விடியவில்லை என்று ஞாயிறு காலை எங்களையும் படுக்க வைத்துவிட்டாள். வேன் சாரதி கீழே ஒரு மணித்தியாலம் காவல் நின்றார். அது எங்கள் பிழை, உங்கள் தலையில் கட்டவில்லை.

ஆனால் உங்கள் பயண நிரலில் இரண்டு அறை என்றுதான் இருக்கிறது. மலேசியாவில் வெளிநாட்டவர் தங்கும்போது ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி எடுப்பார்கள். "எல்லாம் அடங்கும்" என்ற உங்கள் வாக்கையும் மீறி அதை எங்களிடமே வாங்கினார்கள். மூன்று இரவுக்கு 30 ரிங்கிட். இரண்டு அறை என்றால் 60 வந்திருக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன், நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஞாயிறன்று பத்துமலை. எங்களில் மூத்தவளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மண்டூர் முருகனுக்கு அடுத்ததாக அவள் பார்க்க ஆசைப்பட்டது அந்த முருகனைத்தான். காசு கட்டும் முன்னரே இதைச் சொல்லிக் கேட்டோம். "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா, மேல வரைக்கும் வேன் போகும்" என்றார் உங்கள் ஊழியர். அங்கே இருப்பது 272 படி. வேன் நின்றது அடிவாரத்தில். 140 அடி உயர முருகனின் காலடியில் ஒரு இளநீரோடு அவளை இருத்திவிட்டு, மற்ற மூவரும் மாறி மாறி ஏறினோம். தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்களே யாரிடமாவது விசாரித்திருப்போமே ஐயா.

திங்கட்கிழமைக்கு நீங்கள் போட்டது பெற்றோனாஸ் கோபுரம், 41ஆம் மாடிப் பாலம், நுழைவுச்சீட்டு உட்பட. அந்தப் பாலம் திங்கட்கிழமைகளில் பூட்டு. வாசலில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். செவ்வாய் காலை விமானம். அந்த நுழைவுச்சீட்டு எங்கள் கைக்கு வரவே இல்லை.

சாரதியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிள்ளானைச் சேர்ந்த தமிழர். திங்கட்கிழமை ஏமாந்து நின்ற எங்களைத் தன் பாட்டில் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போய் வாழையிலைச் சாப்பாடு காட்டினார். அவருக்கு அன்று மேலதிகமாக ஏதாவது கொடுத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

நாங்கள் கேட்பது: கிடைக்காத இரண்டாவது அறையின் மூன்று இரவுக் காசு, நால்வரின் கோபுர நுழைவுச்சீட்டுக் காசு, அந்த 30 ரிங்கிட். முழங்காலுக்கு விலை கேட்கவில்லை. அதற்கு உங்கள் ஊழியர் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடுவோம். பயண நிரல், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, ஹோட்டல் பற்றுச்சீட்டு, திரைச்சீலையை விலக்கி எடுத்த படம் ஆகியவற்றின் பிரதிகள் இத்துடன் உள்ளன. மூலப்பிரதிகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் கிளைக்குக் கொண்டுவரலாம். எனக்கு வசதியான நாள் திங்கட்கிழமை. அன்று திறந்திருப்பீர்களா என்பதை மட்டும் முன்கூட்டியே அறியத் தரவும்.

இப்படிக்கு,
நால்வர் சார்பில்,
(ஒப்பம்)