அம்பாசமுத்திரம் விடுதிக்காரர்களுக்கு ஒரு மடல்

அம்பையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் விடுதி நடத்துகிற அண்ணாச்சிகளுக்கும், வீட்டு மாடியில் அறை ஒதுக்கி விருந்தினரைத் தங்கவைக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் ஊரில் வந்து தங்குகிறவன் நான். போன முறை தங்கிய இடத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வெள்ளம் என்று மணிமுத்தாறு அருவியை அன்று மூடியிருந்தார்கள். “வேற என்ன பார்க்கலாம்?” என்று அந்தப் பெண் கேட்டார். வரவேற்பில் இருந்த தம்பி, “இங்க வேற ஒண்ணும் இல்லக்கா, குற்றாலம் போய்ப் பாருங்க” என்றான். அரை மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற நானும் அப்போது வாய் திறக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றும் இல்லையா? தாமிரபரணி பொதிகையில் இறங்கி புன்னைக்காயலில் கடல் சேரும் வரை உள்ள கரையில், உங்கள் விடுதிகளைச் சுற்றி இருக்கும் துண்டுக்கே இரண்டு நாள் போதாது.

திருப்புடைமருதூரை எடுத்துக்கொள்ளுங்கள். வீரவநல்லூரிலிருந்து வயல் வழியே போனால், கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது ஊர். அங்கே கோயில் கொண்ட சிவன் நாறும்பூநாதர் சற்றுச் சாய்ந்திருக்கிறார். ஆற்றில் வெள்ளம் ஓட, அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்ட குரலைக் கேட்கத் தலை சாய்த்தார் என்பார்கள். கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் உண்டு. ஒரு சுவரில் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல். இத்தனை உள்ளே தள்ளியிருக்கும் ஊரின் கோபுரத்தில் கடல் வாணிபத்தை வரைந்து வைத்தவனை நினைத்து நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மேலே ஏற முன்கூட்டியே கோயிலில் அனுமதி கேட்க வேண்டும். அதை விசாரித்துச் சொல்வது உங்களுக்கு ஒரு போன் வேலைதான்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் மருத மரங்கள் நிறையப் பறவைகள். கூடு கட்டும் மாதங்களில் நாரையும் கொக்கும் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. ஊர் மக்களே கேட்டுக்கொண்டதால் 2005இல் இங்கே 2.84 ஹெக்டேரைப் பறவைகளுக்கான காப்பகமாக அறிவித்தார்கள். எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு வீட்டு மரத்தைப் பறவைக்கு விட்டுக்கொடுத்த ஊர் அது. அங்கே அனுப்பும்போது, சத்தம் போடாமல் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் மன்னார்கோவில். அம்பையிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். ராஜேந்திர சோழன் காலத்தில் சேர மன்னன் ராஜசிம்மன் கட்டிய விண்ணகரம், அதாவது பெருமாள் கோயில். விமானத்தின் மூன்று தளங்களிலும் பெருமாள் நின்று, அமர்ந்து, கிடந்து காட்சி தருகிறார். குலசேகராழ்வார் கடைசிக் காலத்தைக் கழித்த இடம் என்பது நம்பிக்கை. பக்கத்திலேயே பிரம்மதேசம் கைலாசநாதர் கோயில். நான் போன நாட்களில் எல்லாம் அவ்வளவு பெரிய பிராகாரத்தில் என் காலடிச் சத்தம் மட்டும்தான்.

கல்லிடைக்குறிச்சியில் விருந்தினர் அப்பளம் வாங்கினால், கூடவே அந்த நடராஜர் கதையையும் சொல்லுங்கள். குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடு போய், ஆஸ்திரேலியாவில் ஒரு அருங்காட்சியகம் வரை போய், 2019இல் ஊர் திரும்பியவர். கொஞ்சம் கிழக்கே போகிறவர்களைப் பத்தமடையில் நிறுத்துங்கள். கோரையை ஆற்று நீரில் ஊறவைத்து, நூல் நூலாகக் கிழித்து நெய்கிற பாயைக் கையில் தொட்டுப் பார்த்தால், அதன் விலை ஏன் அப்படி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வரவேற்பு மேசையில் கையால் வரைந்த ஒரு ஆற்று வரைபடம். வாடகைக்கு நான்கு சைக்கிள். எந்தப் படித்துறையில் இறங்கலாம், எங்கே சுழல், அணையில் தண்ணீர் திறந்தால் எப்போது கரையேற வேண்டும் என்று சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம், உயிர் விஷயம்.

இன்னொன்று. பாபநாசத்தில் முழுகிவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுகிறார்கள். மீனின் செவுளிலும் மரங்களின் வேரிலும் அது சுற்றிக்கொள்கிறது. கீழே இதே தண்ணீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. சாவி கொடுக்கும்போதே, “துணியை ஆத்துல விடாதீங்க, இங்க கொண்டு வாங்க” என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கரையில் வைத்த பலகையைவிட, சோறு போடும் வீட்டுக்காரர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். வரைபடம் போட ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். வழிகளை ஒருமுறை சைக்கிளில் போய்ச் சரிபார்த்து நானே வரைந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊருக்கு அடிக்கடி வரும் ஒருவன்