காசிமேட்டு மீன்கார அக்காவுக்கு

சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்டிருக்கிறதா என்று காசிமேட்டில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் எங்கள் ஆய்வில், நேற்று சாயங்காலம் கடைசி வீட்டையும் முடித்துவிட்டோம். கதவுகள் திறக்காத அந்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று உங்களில் பலருக்குத் தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆய்வை நிறுத்திவிடலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டு வந்த மறுநாள்தான் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார்.

அவர் எங்கள் ஆய்விலேயே இல்லை. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டியபோது "வேணாம் சிஸ்டர்" என்றார். சேருவதும் விலகுவதும் அவரவர் விருப்பம், சரி என்று வந்துவிட்டேன். என்னைக் கூப்பிட்ட அன்றைக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்து, கேள்வித்தாளைக் கேட்டு வாங்கி, மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். 'கால் மரத்துப்போகிறதா?' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"நாங்க ஐஸ் தண்ணியிலயே நிக்கிறவங்க, எந்நேரமும் மரத்துதான் கிடக்கும். இதுக்கு இன்னான்னு டிக் அடிக்கிறது? செருப்பு கழண்டு உழுந்ததுகூடத் தெரியாம நடந்து போயிருக்கியான்னு கேளு."

சர்க்கரை நோயில் கால் நரம்பு கெடுவதைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் எடுக்கிறேன், தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் மெல்லிய நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட்டைப் பாதத்தில் எங்கெங்கே அழுத்திப் பார்க்க வேண்டும் என்று மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறேன், ஆனால் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த அந்தக் கேள்வி காசிமேட்டில் செல்லாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் காலை பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டாதே என்றார், அந்த நேரத்தில் எல்லாரும் கூடையோடு தெருவில் இருப்பார்களாம். நான்கு மணிக்குப் போக ஆரம்பித்தோம். கதவுகள் திறந்தன. செருப்புக் கேள்வியைக் கேட்டதும் ஒரு பாட்டி, "ஆமா, பஸ்ல ஏறுனப்புறம்தான் பாத்தேன்" என்றார். அவர் பாதத்தில் மோனோஃபிலமென்ட் வளைகிற அளவுக்கு அழுத்தியும் அவருக்குத் தெரியவில்லை. இப்போது சிகிச்சையில் இருக்கிறார்.

கேள்வியை மாற்ற மறுபடி அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்களுக்கும், வெயிலில் என்னோடு நடந்த மாணவிகளுக்கும், காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

அக்கா, பேர் போடாதே என்றீர்கள், போடவில்லை. முடிவுகள் ஆய்விதழுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் தெருவில், சாயங்காலம் நான்கு மணிக்கு, தமிழில் சொல்வேன். அடுத்த ஆய்வுக்குக் கேள்வி எழுதும் முதல் நாளே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். டீ நான் வாங்கி வருகிறேன்.