4294967297-ஐப் புரியவைத்த எல்லோருக்கும் நன்றி

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த எண் ஏன் பகா எண் இல்லை என்று நான் கேட்டதற்கு, பொறுமையாகப் பதில் சொன்ன அத்தனை பேருக்கும் மனசார நன்றி. 641 × 6700417 என்று கால்குலேட்டரே ஒரு நொடியில் சொல்லிவிடும். எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது, அதைக் கொடுத்தது நீங்கள்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2³² + 1 தான் இந்த எண். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் ஒரு வரிசை வரும். அதில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் பின்னால் வருபவையும் அப்படியே இருக்கும் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர், இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் 641-ஐ எடுத்து முன்னால் வைத்தார்.

641 எங்கிருந்து வந்தது என்று விளக்கிய அக்காவுக்கு முதல் நன்றி. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது இடத்திலேயே ஆள் சிக்கிவிடுகிறது!

அடுத்து, வகுக்காமலே நிரூபித்துக் காட்டிய தம்பிக்கு. 641 = 5 × 2⁷ + 1, அதே 641 = 5⁴ + 2⁴. இந்த இரண்டே வரிதான் முதலீடு. முதல் வரிப்படி, 641-ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷ என்பது −1 (641-இன் மடங்குக்கு ஒன்று குறைவு என்று அர்த்தம்); அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாவது வரிப்படி 5⁴ என்பது −2⁴, அதை உள்ளே போட்டால் −2³² என்பது 1 ஆகிவிடுகிறது, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும். இவ்வளவு அழகான நிரூபணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை, எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, 6700417 பகா எண்தானா? அதைக் கையாலேயே போட்டுக் காட்டிய ஐயாவுக்குத் தனி வணக்கம். 64 என்ற நிபந்தனையை 128 என்று இறுக்கலாம் என்றார். 6700417-இன் வர்க்கமூலம் 2589-ஐத் தாண்டாது, ஆகவே சோதிக்க வேண்டியவை அதற்குள் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களான 257, 641, 769, 1153, 1409 மட்டும். மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றிலும் வகுபடவில்லை, பகா எண்ணேதான்.

நான் கேட்காமலே ஒருவர் சொன்னது இன்னொன்று. நம் 4294967297-ஐவிட 2 குறைவான 4294967295, சரியாக 3 × 5 × 17 × 257 × 65537. அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல் பலன்! அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்பது கணித மேதை காஸ் வழி வந்த முடிவு. அதைச் சொன்னவருக்கும் நன்றி.

அந்த வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1. அதன் சிறிய காரணி 274177, 256-ஆல் வகுத்தால் இதற்கும் மீதி 1. இதற்கும் கையால் ஒரு நிரூபணம் போட்டுப் பார்க்க ஆசை, சேர்ந்து செய்ய விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.